ஆசைக்கு ஒரு பழைய கார்… வாங்கலாமா?

கையில் நான்கு லட்ச ரூபாய், மனதில் நெடுநாள் ஆசை. ஓட்டும்போது உற்சாகம் தரும் ஒரு செகண்ட் ஹேண்ட் காரைத் தேடும் ஆழ்வார்பேட்டைவாசிகளுக்கும் மற்ற சென்னைவாசிகளுக்கும் ஒரு வழிகாட்டி.

வீட்டுக்குத் தேவை என்று கார் வாங்குபவர்களுக்கு ஆலோசனை சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சமே இல்லை. மைலேஜ், சர்வீஸ் செலவு, ரீசேல் என்று சித்தப்பாவிலிருந்து அலுவலக நண்பர் வரை எல்லாரும் கணக்கோடு வருவார்கள். ஓட்டிப் பார்க்கும் சந்தோஷத்துக்காக ஒரு கார் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். 'காசைக் கரியாக்கவா?' என்ற ஒரே கேள்வியில் பேச்சு முடிந்துவிடும்.

அப்படி முடிக்க வேண்டிய பேச்சு இல்லை இது. நகைக்கும் பட்டுக்கும் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கும் ஆசைப்பட்டுச் செலவழிப்பதை நாம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறோம். கார் ஓட்டுவதில் உண்மையான ஈடுபாடு உள்ளவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் செகண்ட் ஹேண்ட் சந்தையில் ஆசையோடு நுழைபவர் எளிதில் ஏமாறுவார். அதனால்தான் இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் தேவைப்படுகிறது.

இந்த நேரத்தில் பேசுவதற்குக் காரணமும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; மேல்வரியும் போயிற்று. புது காரின் விலை இறங்கும்போது அதே மாடலின் பழைய காருக்கும் பழைய விலையைக் கேட்க முடியாது. இன்னொரு பக்கம், 2013-க்கும் 2019-க்கும் இடையில் இளைஞர்களின் கனவாக இருந்த கார்கள் இப்போது இரண்டாம், மூன்றாம் ஓனரைத் தேடி வருகின்றன. பேரம் பேச வாங்குபவருக்குக் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். இலகுவான சின்ன காராக இருக்க வேண்டும். பாகங்கள் தாராளமாகக் கிடைக்க வேண்டும். பட்ஜெட்டில் பத்தில் மூன்று பங்கைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம். ஏன் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சந்தோஷம் எங்கிருந்து வருகிறது?

விளம்பரங்கள் குதிரைத்திறனைச் சொல்லி ஆசை காட்டும். அந்தத் திறனை எங்கே பயன்படுத்தப் போகிறோம்? சென்னை மாநகரக் காவல்துறை 2023 நவம்பரில் கார்களுக்கு வைத்த உச்ச வேகம் மணிக்கு 60 கி.மீ. குடியிருப்புத் தெருக்களில் 30 கி.மீ. டி.டி.கே. சாலையில் அந்த 60-ஐத் தொடுவதற்கே ஞாயிறு அதிகாலை எழுந்து வர வேண்டும். 150 பி.எஸ். காரும் 85 பி.எஸ். காரும் ஒரே சிக்னலில்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கப்போகின்றன.

நகரத்தில் ஓட்டும் சுகத்தைத் தருவது காரின் எடை, ஸ்டியரிங்கின் துல்லியம், கியர் விழும் விதம், மிதித்ததும் இழுக்கும் எஞ்சின். 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை ஸ்விஃப்ட் பெட்ரோல் காரின் எடை 855 முதல் 880 கிலோதான்; எஞ்சின் 83 பி.எஸ். காகிதத்தில் பார்த்தால் சாதாரண எண்கள். ஆனால் செயின்ட் மேரீஸ் சாலையின் நெருக்கத்தில் இரண்டாம் கியரில் அது திரும்பி, நிமிர்ந்து, இழுத்துக்கொண்டு போகும் விதத்தில் ஒரு துள்ளல் இருக்கிறது. இரண்டு மடங்கு விலையுள்ள பெரிய கார்கள் பலவற்றில் அது கிடைக்காது.

பந்தய உலகமும் இதைத்தான் சொல்கிறது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி 800-இன் 796 சி.சி. எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். காய்கறி வாங்கப் போகும் காரின் எஞ்சின்தான் அது. எடை குறைந்த சட்டத்தில் உட்கார்ந்ததும் பந்தயத் தடத்துக்குத் தகுதி பெற்றுவிட்டது. 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நாராயண் கார்த்திகேயன், தன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கியது அந்த வகைக் காரில்தான். முதலில் எடையைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

ஹெரால்டிலிருந்து ஐகான் வரை

சென்னைக்கும் இந்த ஆசைக்கும் பழைய உறவு உண்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961-லிருந்து இங்கேயே ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தயாரித்தது. அம்பாசடரும் ஃபியட்டும் குடும்பக் கார்களாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த இரண்டு கதவு கார் அது. சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினைப் பிரிக்கலாம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளமான சோழவரத்தில் பந்தயங்களை நடத்திவந்த காலமும் அதுதான். வார நாட்களில் அலுவலகம் போய்வந்த கார்களே ஞாயிற்றுக்கிழமை அங்கே பந்தயமும் ஓடின.

1990-ல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் வந்தது. 1998-ல் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. ராலி ஓட்டுநர்கள் அதைத் தேடித்தேடி வாங்கினார்கள். 1999-ல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு ஐகான் வந்தது. அதன் 1.6 எஞ்சினைப் பற்றி இன்றும் கண்கள் மின்னப் பேசும் ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. பிறகு ஃபியஸ்டா, 2010-ல் ஃபிகோ.

இந்த வரலாற்றில் வாங்குபவர் மனதில் வைக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஸ்டாண்டர்ட் 1988-ல் நின்றது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது; 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசிக் கார் வெளியேறியது. ஆலை மூடினாலும் கார்கள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அப்போது காரைக் காப்பாற்றுவது அதன் பாகங்களும், அதைத் தெரிந்த மெக்கானிக்கும். நம் ஊரில் இரண்டுமே இருக்கின்றன. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளும் புதுப்பேட்டையின் பழைய பாகச் சந்தையும் ஆழ்வார்பேட்டையிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் எல்லா காருக்கும் எல்லா பாகமும் அங்கே கிடைத்துவிடாது. காரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, அந்த மாடலின் ஹெட்லைட், கண்ணாடி, சஸ்பென்ஷன் ஆர்ம், ஏ.சி. கம்ப்ரெசர் நான்கும் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கடைகளில் விசாரியுங்கள். வாங்கலாமா என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

முன்னால் நிற்கும் நான்கு வழிகள்

முதல் வழி, டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் கார். ஸ்விஃப்ட், 2011-லிருந்து 2019 வரை விற்ற ஹோண்டா பிரியோ போன்றவை. பிரியோவின் 1.2 எஞ்சின் 88 பி.எஸ்.; உயர் சுற்றில் விருப்பத்தோடு பாடும் எஞ்சின். இரண்டு நிறுவனங்களும் இன்றும் இங்கே வியாபாரத்தில் இருக்கின்றன; பாகங்களுக்கு அலைய வேண்டாம். நான்கு லட்சம் பட்ஜெட் உள்ளவருக்கு, அதுவும் வீட்டில் ஒரே கார் என்றால், என் சிபாரிசு இந்த வழிதான்.

இரண்டாவது, தயாரித்த நிறுவனம் விடைபெற்றுக்கொண்ட கார்கள். ஃபியஸ்டா 1.6, 2015-க்குப் பிறகு வந்த ஃபிகோ, ஃபியட் புன்டோ. ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும் இந்தக் கார்களில் அருமையாக இருக்கும். நிறுவனம் போய்விட்டதால் விலையும் குறைவு. ஃபோர்டுக்குச் சென்னையில் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் நிறையப் பேர் உண்டு. ஃபிகோவின் 1.5 டீசல் எஞ்சின் 100 பி.எஸ்., நெடுஞ்சாலையில் அதன் இழுவையை விரும்பாதவர்கள் குறைவு. ஆனால் அதில் டைமிங் பெல்ட் உண்டு. எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஓடும்போது பெல்ட் அறுந்தால் எஞ்சினையே திறக்க வேண்டி வரும். நம்பகமான மெக்கானிக் கைவசம் இருப்பவருக்கு இது நல்ல வழி.

மூன்றாவது, டர்போ பெட்ரோல் கார்கள். 2013-ல் வந்த போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 105 பி.எஸ்.; 2017-ல் வந்த பலேனோ ஆர்.எஸ். 102 பி.எஸ். மிதித்தவுடன் முதுகை இருக்கையில் அழுத்தும் உணர்வு இவற்றில்தான் கிடைக்கும். சிக்கலும் இவற்றில்தான் அதிகம். போலோ ஜி.டி.யில் வரும் 7 கியர் இரட்டை கிளட்ச் தானியங்கி கியர்பெட்டி, ஊர்ந்து செல்லும் போக்குவரத்தில் வெப்பத்தால் வாடும் வகையைச் சேர்ந்தது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, அந்த வகைக் கியர்பெட்டியின் செயற்கை எண்ணெயை எடுத்துவிட்டு மினரல் எண்ணெயை ஊற்றிக் கொடுத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில்தான் அந்தக் கோளாறு கூடுதலாகத் தலைகாட்டியது. நம் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். பத்து வயதான அந்தக் கியர்பெட்டி பழுதானால், காருக்குக் கொடுத்த விலையில் பெரும் பகுதியை மறுபடி கொடுக்க நேரும். முழு சர்வீஸ் சரித்திரமும், வீட்டில் இன்னொரு காரும், கையில் கூடுதல் பணமும் இருந்தால் மட்டுமே இந்தப் பக்கம் போகலாம்.

நான்காவது, பழைய நாயகர்கள். முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி 1.5 வி.டெக், ஐகான், லான்சர், கான்டெஸா. விலை குறைவாகத் தெரியும். இவற்றுக்குப் பொறுமையும், தனி நிறுத்துமிடமும், பாகம் தேடி அலையும் ஆர்வமும் வேண்டும். இவற்றைத் தினசரி வண்டியாக நம்பக் கூடாது.

விலைக்கு அப்பால்

யானையை வாங்குவது பெரிதில்லை, தீனி போடுவதுதான் பெரிது என்பார்கள். பழைய காரின் பணக் கணக்கு முழுதும் அந்த ஒரு வரியில் அடங்கும்.

நான்கு லட்சம் வைத்திருப்பவர் நான்கு லட்சத்துக்குக் கார் பார்க்கக் கூடாது. 2,80,000 ரூபாய் வரை காருக்கு. 1,20,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். முதல் ஆறு மாதத்தில் அந்தப் பணத்துக்கு வேலை வரும். சின்ன காருக்கு நான்கு டயர் என்றாலே 20,000 ரூபாயை ஒட்டி வரும். அதோடு பேட்டரி, எல்லா எண்ணெய்களும் கூலண்டும், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச், இன்ஷூரன்ஸ், பெயர் மாற்றக் கட்டணம். இவை எதுவும் கார் மோசம் என்பதற்கு அடையாளம் இல்லை. எட்டு, பத்து வயது காருக்கு இயல்பாகவே வரும் செலவு. எதிர்பார்த்து வைத்திருப்பவருக்கு இது பராமரிப்பு. கடைசி ரூபாயையும் விற்றவர் கையில் கொடுத்துவிட்டு வந்தவருக்கு இதுவே மாதாமாதம் தலைவலி. ஓட்டும் சந்தோஷம் முதலில் அங்கேதான் செத்துப்போகிறது.

கடன் வாங்கி ஆசைக் கார் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். பழைய காருக்கான கடன் வட்டி, புது காருக்கானதைவிடப் பொதுவாகவே அதிகம். தேய்ந்துகொண்டே போகும் பொருளுக்கு வட்டியும் கட்டி, ரிப்பேரும் பார்ப்பது குடும்பத்துக்கு நியாயம் இல்லை.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் பாகங்கள் அதற்கு ஏற்றவை. அதற்கு முந்தைய காரை வாங்கினால், எரிபொருள் போகும் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் மெக்கானிக்கிடம் காட்டி, தேவைப்பட்டால் மாற்றிவிடுங்கள். எத்தனாலில் ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

சென்னையில் பழைய கார் பார்ப்பவர் வேறெதையும் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையிலும் மூழ்கிய கார்கள் கொஞ்சமல்ல. அந்த அனுபவத்தால்தான் இப்போதெல்லாம் கனமழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் கார்கள் வரிசையாக ஏறி நிற்கின்றன. ஆழ்வார்பேட்டையிலும் சீத்தம்மாள் காலனி போன்ற பகுதிகளில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்பது பழகிப்போன காட்சி. இன்ஷூரன்ஸ் நிறுவனம் 'டோட்டல் லாஸ்' என்று கணக்கு முடித்த கார்கள் ஏலத்தில் போய், கழுவித் துடைக்கப்பட்டு, மறுபடி சந்தைக்கு வருவதும் உண்டு.

கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். யாரும் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவ மாட்டார்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தால், தண்ணீர் அந்த உயரம் வரை நின்றிருக்கிறது. பிறகு முன் சீட்டைப் பின்னால் தள்ளி, கீழே இருக்கும் தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். சீட் கவர் புதிதாகவும் தண்டவாளம் துருப்பிடித்தும் இருந்தால் சந்தேகப்படுங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி, அடியில் இருக்கும் பஞ்சை விரலால் அழுத்துங்கள். ஈரமோ, வண்டலோ, புழுங்கிய வாடையோ வரக் கூடாது. ஸ்டெப்னி வைக்கும் குழியையும், ஹெட்லைட்டுக்குள் நீர்த்திவலை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். டேஷ்போர்டு அடியில் போகும் ஒயர்களின் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள். இன்றைய காரில் மின்சாதனக் கோளாறுக்கு முடிவே கிடையாது.

விபத்தைக் கண்டுபிடிக்க பானெட்டைத் திறந்து கீல்களின் போல்ட்டுகளைப் பாருங்கள். கம்பெனி பெயின்ட் உடைந்து ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் பானெட் ஒருமுறையாவது கழன்றிருக்கிறது. பம்பரில் சின்ன டிங்கரிங் வேலை சென்னைக் காருக்குச் சகஜம். சேஸி, பில்லர், ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டம் ஆகியவற்றில் வெல்டிங் தடம் இருந்தால் வேண்டாம்.

'டாக்டர் ஓட்டின வண்டி சார், நாற்பதாயிரம்தான் ஓடியிருக்கு' என்று புரோக்கர் சொல்வார். மீட்டர் சொல்வதைப் பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் ஒத்துக்கொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் அச்சிட்டிருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. குறைவாக ஓடியதாகச் சொல்லும் காரில் டயர் எத்தனை முறை மாறியிருக்கிறது என்று அதை வைத்துக் கணக்குப் போடலாம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரின் பதிவேட்டை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். தரத் தயங்கினால், அந்தத் தயக்கமும் ஒரு பதில்தான்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு டிரையல்

காலை ஆறரை மணிக்குப் போங்கள். போவதற்கு முன் எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரவெல்லாம் ஆறிய எஞ்சின் முதல் சாவியில் எப்படிக் கிளம்புகிறது, சைலன்சரில் என்ன புகை வருகிறது என்பது முக்கியம். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை தொடர்ந்து வந்தால் கூலண்ட் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும்.

சி.பி. ராமசாமி சாலையை ஒட்டிய தெருக்களில் வேகத்தடைகளுக்குக் குறைவில்லை. ஏ.சி.யையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, ஒவ்வொன்றிலும் மெதுவாக ஏறி இறங்குங்கள். 'டொக்' என்ற சத்தம் சஸ்பென்ஷன் புஷ்ஷையோ லோயர் ஆர்மையோ காட்டிக்கொடுக்கும். அடுத்து டி.டி.கே. சாலை மேம்பாலத்தில் மூன்றாம் கியரில், நிதானமான வேகத்தில் ஏறி, ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் முடிந்தது. அங்கிருந்து டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை வழியாகக் கடற்கரைக்கு வந்தால் காமராஜர் சாலை நேராக விரியும். ஸ்டியரிங்கை இலகுவாகப் பிடித்துப் பாருங்கள்; கார் ஒரு பக்கமாக இழுக்கிறதா, பின்னால் வண்டி இல்லாதபோது பிரேக் அடித்தால் நேராக நிற்கிறதா என்று தெரியும்.

திரும்பும்போது நேரம் ஏழரை, எட்டு ஆகியிருக்கும். மெட்ரோ வேலைக்காக ஒடுங்கிய பாதைகளில் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து வாருங்கள். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்க வேண்டும். கியர் தகராறு இல்லாமல் விழ வேண்டும். இந்தக் கடைசிக் கட்டத்தில் உங்களையும் கவனியுங்கள். நெரிசலில் முழங்கால் நோகிறதா? பக்கத்தில் இருக்கும் மனைவிக்கோ அப்பாவுக்கோ உட்கார்ந்து எழ வசதியாக இருக்கிறதா? கபாலி கோயிலுக்குப் போக அம்மாவுக்கு ஏறி இறங்க முடியாத காரை வீட்டில் யாரும் நேசிக்க மாட்டார்கள். முடிந்ததும் உங்கள் சொந்த மெக்கானிக்கிடம், அவருக்குரிய கட்டணத்தைக் கொடுத்து, காரைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லுங்கள்; ஸ்கேனரையும் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சில ஆயிரங்களை மிச்சப்படுத்தாதீர்கள்.

பேப்பர் சரியாக இருக்கிறதா?

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். சேஸி எண்ணை வண்டியிலேயே தேடி ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன் பதிவு இருந்தால், வங்கியின் தடையின்மைச் சான்றும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வந்த பிறகே முழுத் தொகையைக் கொடுக்க வேண்டும். நிலுவை அபராதச் சலான்களையும் விற்பவரே கட்ட வேண்டும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30. ஆர்.சி. என்னிடம்தானே இருக்கிறது என்று காலம் கடத்துவது இரு தரப்புக்கும் ஆபத்து. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின்படி, ஆர்.டி.ஓ. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். காரை விற்றுக் கைமாறிப் போயிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருக்குத்தான். இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே உரியது, உங்களுக்கு வராது.

டெல்லிப் பதிவெண் கார்கள் சல்லிசாக வரும். 10 ஆண்டு டீசல், 15 ஆண்டு பெட்ரோல் கார்களுக்கு அங்கே வந்த கட்டுப்பாடுகளால் அந்த ஊர்க் கார்களின் விலை சரிந்தது. அந்தக் காரை இங்கே ஓட்ட அங்கிருந்து படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வேண்டும்; தமிழ்நாட்டின் ஆயுட்கால வரியும் கட்ட வேண்டும். இரண்டையும் கூட்டினால் பெரும்பாலும் லாபம் கரைந்துவிடும்.

நம் மாநிலத்தில் 15 ஆண்டு முடிந்த காரை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பித்து ஓட்டலாம். புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி 20 ஆண்டைத் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய். பசுமை வரி தனி. நான்காவது வழியில் போகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இடமும் மனமும்

ஆழ்வார்பேட்டையில் தனி வீடுகள் அடுக்ககங்களாகிவிட்டன. ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு கார் பார்க்கிங். இரண்டாவது காரைத் தெருவில்தான் விட வேண்டும். மார்கழி வந்தால் மியூசிக் அகாடமிக்கும் நாரத கான சபாவுக்கும் வருபவர்களின் கார்கள் தெருவை நிறைத்துவிடும். உங்கள் ஆசைக்காக அண்டை வீட்டுக்காரரின் வாசலை அடைப்பது நியாயம் இல்லை. நிறுத்த இடம் இல்லாதவர் இரண்டாவது கார் வாங்க வேண்டாம். அவருக்கு நல்ல வழி, வீட்டின் ஒரே காரையே ஓட்டச் சுகமான காராகத் தேர்ந்தெடுப்பது. ஸ்விஃப்டும் பிரியோவும் அதற்குப் பொருத்தமானவை; கடைக்கும் போகும், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் முகம் மலர வைக்கும்.

ஆசையின் ஆழம் தெரியவில்லையென்றால், ஒரு வாரக்கடைசி செல்ஃப் டிரைவ் வாடகைக் கார் எடுத்து, விடியற்காலையில் ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய் வாருங்கள். திரும்பி வந்த பிறகும் இன்னும் ஓட்ட வேண்டும் என்று தோன்றினால் அது உண்மையான ஆசை. வேகம்தான் வேண்டும் என்றால் அதற்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. தடம் இருக்கிறது, ஈ.சி.ஆரில் நடப்பவர்களும் மீனவக் குடும்பங்களும் இருக்கிறார்கள். பொதுச்சாலையில் பந்தயம் ஓட்டத்தான் கார் தேடுகிறீர்கள் என்றால் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மற்றவர்களுக்கு என் பதில் தெளிவானது. நிறுத்த இடம், கடனில்லாத பணம், தொடாத 1,20,000 ரூபாய், நம்பகமான ஒரு மெக்கானிக் ஆகிய நான்கும் இருந்தால், முதல் வழியில் ஒரு நல்ல காரைத் தேடத் தொடங்குங்கள். முதலில் பார்த்த காரையே வாங்கிவிடாதீர்கள். ஒரே மாடலில் குறைந்தது ஐந்து கார்களையாவது ஓட்டிப் பாருங்கள். ஐந்தாவது காருக்குள் நல்லதையும் கெட்டதையும் உங்கள் கையே சொல்லிவிடும். டோக்கன் அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துபவரிடமிருந்து விலகி வாருங்கள். நல்ல கார் இன்னொன்று நிச்சயம் வரும். அது வரும்போது தயங்காமல் வாங்குங்கள், பராமரியுங்கள், மனசாரச் சந்தோஷமாக ஓட்டுங்கள்.